வெல்ட் ஷூ: வெல்டிங்கும் இல்ல, டயரும் இல்ல

ஷூ விளம்பரத்துல 'குட்இயர் வெல்ட்'னு பாத்ததும் சிலர் டயர் ரப்பர்ல அடி போட்டதுன்னு நினைக்கிறாங்க, சிலர் சூடு வச்சு வெல்டிங் பண்ணதுன்னு நினைக்கிறாங்க. இங்கிலீஷ்ல ஷூவோடது welt, சூடு வச்சு ஒட்டறது weld, தமிழ்ல எழுதினா ரெண்டு வெல்டும் ஒண்ணாத்தான் இருக்கு, என்ன பண்றது.

இந்த வெல்ட்ங்கறது ஒரு தோல் வார், அவ்ளோதான். ஷூவோட ஓரத்த சுத்தி சோலுக்கு மேல விளிம்பு மாதிரி தையலோட தெரியுதே, அதுதான். இங்கிலீஷ்ல 15-ம் நூற்றாண்டுலயே செருப்பு தைக்கிறவங்க புழங்கின சொல்லு, அடி வாங்கின உடம்புல வர்ற தடிப்புக்கும் வெல்ட்னு சொல்றது ரொம்ப பின்னாடி வந்த அர்த்தம். இப்படி வார் வச்சு தைக்கறதுக்கு முன்னாடி ஐரோப்பால ஷூவ உள்பக்கம் வெளிய இருக்கற மாதிரி தைச்சு தலகாணி உறைய திருப்பற மாதிரி திருப்பிடுவாங்க, அப்படி திருப்பணும்னா சோல் மெல்லிசா வளையற மாதிரி இருக்கணும், அது எத்தன நாள் தாங்கும்? வார் வச்சு தைக்க ஆரம்பிச்சதும் கெட்டியான சோல் போட முடிஞ்சுது.

வேலை இப்படி: கால் வடிவ கட்டை மேல மேல்தோல இழுத்து மாட்டி, மேல்தோல், வார், உள் அடித்தோலுக்குக் கீழ வயல் வரப்பு மாதிரி மேடா நிக்கற வரப்பு மூணையும் சேத்து ஒரு தையல். நடுவுல விழற பள்ளத்துல கார்க் நிரப்பி, அப்புறம் வாரையும் வெளி சோலையும் சேத்து இன்னொரு தையல். சோல் தேஞ்சா இந்த ரெண்டாவது தையல மட்டும் பிரிச்சு புது சோல் போடலாம், மேல்தோல்ல கைய வைக்கவே வேணாம், இத்தன விலை குடுக்கறதே இதுக்காகத்தான். கையால தைக்கிறவங்க உள் அடித்தோல்லயே அந்த வரப்ப செதுக்கி குத்தூசியும் மெழுகு நூலுமா தைப்பாங்க, மெஷின்ல தைக்கிற ஷூல பெரும்பாலும் தனியா செஞ்சு ஒட்டின வரப்புதான்.

அந்த மெஷினுக்கு 1870-கள்ல பேட்டன்ட் வாங்கினவர் சார்லஸ் குட்இயர் ஜூனியர், ரப்பர பதப்படுத்தற முறைக்கு 1844-ல பேட்டன்ட் வாங்கினவரோட மகன். குட்இயர் டயர் கம்பெனி 1898-ல வேற ஆளுங்க ஆரம்பிச்சது, சார்லஸோட அப்பா பேர மரியாதைக்கு வச்சுகிட்டாங்க. இங்கிலாந்துல நார்தாம்ப்டன் ஊரு இன்னிக்கும் இந்த ஷூவுக்குத்தான் பேர் போனது. ஆக்ஸ்ஃபோர்டு, டெர்பின்னு ஷூ வகை சொல்றாங்களே, அது லேஸ் கட்டற பக்கம் தைச்ச விதத்துக்கு வந்த பேரு, வெல்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஒண்ணு கவனிங்க, ஓரத்துல தையல் தெரிஞ்சாலே வெல்ட்னு நம்பாதீங்க, பசை போட்டு ஒட்டின ஷூவுலயும் அழகுக்கு தையல் வார ஒட்டி விக்கிறாங்க.

தமிழ்ல என்ன சொல்லலாம்? 'விளிம்பு வார்'னு சொல்லுவேன், செருப்பு வார்னு ஏற்கனவே வாயில இருக்கற சொல்லுதான். 'பற்றுப்பட்டை'ன்னெல்லாம் புதுசா உருட்ட வேணாம். முழு ஷூவுக்கு 'வார் தைத்த காலணி', இலங்கைல போர்த்துகீசுல இருந்து வந்த 'சப்பாத்து' இருக்கறதால அங்க 'வார் தைத்த சப்பாத்து'ன்னு சொன்னா இன்னும் பாந்தமா இருக்கும்.