நிறமாலையா, நிறைமாலையா?

அணுக்களையும் மூலக்கூறுகளையும் நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் 'மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்' கருவிக்கு ஆய்வகத்தில் எல்லார் வாயிலும் 'மாஸ் ஸ்பெக்' தான். தமிழில் எழுத உட்கார்ந்தால் 'நிறை நிறமாலைமானி' என்று நீளும். அந்தக் கருவி தரும் படத்தில் நிறம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஒரு கிடைக்கோடு, அதன்மேல் ஊசி ஊசியாக முகடுகள், அவ்வளவுதான்.

'ஸ்பெக்ட்ரம்' என்றால் லத்தீனில் தோற்றம், உருவெளி. பட்டகத்தில் புகுந்த வெயில் சுவரில் வண்ணப்பட்டையாக விழுந்ததற்கு நியூட்டன் இந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கு 'நிறமாலை' கச்சிதமான சொல். 1919இல் ஆங்கிலேய அறிவியலர் ஆஸ்டன் செய்த கருவியில் பிரிந்தது ஒளியல்ல, மின்னேற்றம் பெற்ற அணுக்கள். நிறைக்கேற்ப அவை ஒளிப்படத் தகட்டில் கோடு கோடாக விழுந்தன. ஒளியின் கோடுகளைப் போலிருந்ததால் பெயரும் கூடவே வந்துவிட்டது. மூலச்சொல்லில் நிறம் இல்லை. அதைச் சேர்த்தது நாம்தான். ஆகவே 'நிறைமாலை' போதும் என்பது என் கட்சி.

இலங்கைத் தமிழர் இதற்கு உடன்பட மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை, எடை என்பவை அங்கே முறையே திணிவு, நிறை. அவர்களுக்கு 'திணிவுமாலை' என்றால்தான் பொருள் சரியாகும்.

சொல் வேலை செய்யும் இடத்தைப் பார்ப்போம். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரைக் குடிநீர் வழியே நோயில் தள்ளிய ஒட்டுண்ணி கிரிப்டோஸ்போரிடியம். குளோரினுக்கு அசையாத அதன் கூடு 4 முதல் 6 மைக்ரோமீட்டர்தான். நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரியும். மனிதரிடமிருந்து வந்ததா, கன்றிலிருந்து வந்ததா என்பது தெரியாது. இங்கேதான் 'மால்டி-டாஃப்' என்னும் மாஸ் ஸ்பெக் முறை கைகொடுக்கிறது. கூட்டை லேசரை உறிஞ்சும் ஓர் அமிலத்தோடு குழைத்து, எஃகுத் தகட்டில் உலர்த்தி, லேசரைப் பாய்ச்சினால், மின்னேற்றம் பெற்ற புரதங்கள் குழாய்க்குள் பறக்கும். ஒரே மின்னேற்றம் உள்ளவற்றில் லேசானது முந்தும். பறந்த நேரத்தைக் கணக்கிட்டால் நிறைமாலை தயார்.

பாக்டீரியா என்றால் வளர்த்து, ஒரு திரளைக் கிள்ளி வைத்தால் முடிந்தது. இந்த ஒட்டுண்ணியை அப்படித் தட்டில் வளர்க்க முடியாது. லிட்டர் கணக்கில் நீரை வடிகட்டி, கிடைத்த சில கூடுகளை அழுக்கிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதன் பிறகும், ஒப்பிட ஏற்கெனவே பதிந்து வைத்த நிறைமாலை இல்லையென்றால், முகடுகள் வரும், பெயர் வராது.