காட்டாறு கொண்டாந்து போட்டதெல்லாம் வண்டல் இல்லைங்க

"சரளை கலந்த மணற்பாங்கான வண்டல் மண்." இந்த வரிய இன்னும் எத்தனை இடத்துல தான் பாக்கறது. வறண்ட நாட்டு மண்ணப் பத்தி தமிழ்ல எது வந்தாலும் சரி, சொட்டு நீர் கையேடா இருக்கட்டும், புவியியல் பாடமா இருக்கட்டும், பாலைவனம் பத்தின டாக்குமெண்டரிக்குப் போடற சப்டைட்டிலா இருக்கட்டும், பக்கத்துல ஆறுன்னு ஒண்ணு தெரிஞ்சா போதும், கண்ண மூடிட்டு வண்டல்னு போட்டுடறாங்க. சரளைன்னு சொல்லியாச்சு, மணல்னு சொல்லியாச்சு, அப்புறம் எங்கேர்ந்து வருது வண்டல்?

இங்கிலீஷ் மூலத்துல இருக்கறது அல்லூவியம். லத்தீன் சொல். அலசறது, கழுவறதுன்னு அர்த்தம் வர்ற வினையிலேர்ந்து வந்தது, தண்ணி அலசிக் கொண்டாந்து ஓரமா சேத்தது, அவ்வளவுதான். ரோமானிய சட்டத்துல ஆறு ஒருத்தன் கரையோரமா கொஞ்சம் கொஞ்சமா சேத்துவிடற நிலத்துக்கு இந்தப் பேரு, அப்படிச் சேர்ந்தா அது கரைக்காரனுக்கே சொந்தம். பிற்பாடு நிலவியல்காரங்க எடுத்துக்கிட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அந்தச் சொல்லுல துகள் பெருசா சின்னதாங்கற பேச்சே இல்ல. களியும் அல்லூவியம், மணலும் அல்லூவியம், தலை தண்டி பாறைய வெள்ளம் உருட்டிட்டு வந்து போட்டா அதுவும் அல்லூவியம்.

வண்டல் அப்படி இல்ல. தண்ணி ஓட்டம் அடங்கி, தெளிஞ்சு, அடியில நைஸா தங்குது பாருங்க, அது வண்டல். எண்ணெய்ப் பாத்திரத்து அடியில நிக்கற கசடக்கூட வண்டல்னு தான் சொல்றோம். சொல்லுக்குள்ளயே மெதுவும் இருக்கு, நைஸும் இருக்கு. சங்கப் பாட்டுல பொண்ணுங்க மணல்ல பாவை செஞ்சு விளையாடறதுக்கு வண்டல்னு பேரு இருக்கே, அப்போ மணலும் வண்டல் தானேன்னு யாராவது கிளம்புவாங்க, தெரியும். அங்க அது விளையாட்டோட பேரு. தவிர, பாவை பிடிக்கணும்னா ஈரமா, கையில ஒட்டற மாதிரி நிக்கணும். நான் சொல்ற மண்ணுல யாராவது பாவை பிடிச்சுக் காட்டட்டும், ஒத்துக்கறேன்.

இது வெறும் சொல் சண்டை இல்ல. ஒரு கண்ணாடி பாட்டில்ல தண்ணி ஊத்தி மண்ணப் போட்டு நல்லா குலுக்கி வச்சுப் பாருங்க. மணல் 0.05 மில்லிமீட்டர்லேர்ந்து 2 மில்லிமீட்டர் வரைக்கும், அதுக்கு மேல போனா சரளை. அந்த 0.05 மி.மீ. அளவு துகளே 10 செ.மீ. ஆழம் இறங்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. வண்டலோட கீழ் எல்லையான 0.002 மி.மீ. துகள் அதே தூரம் இறங்க கிட்டத்தட்ட 8 மணி நேரம் ஆகும். 8 மணி நேரம் அசையாம நிக்கற தண்ணி வறண்ட பகுதி ஆத்துல எங்க கிடைக்கும்? அங்க ஆறே சில மணி நேரம் தான் ஓடும். மேல எங்கயோ மலையில ஒரு புயல் மழை கொட்டும், தண்ணி சுவர் மாதிரி எழும்பி வரும், பாதி தூரம் வர்றதுக்குள்ள காஞ்சு கிடக்கற ஆத்து மணலே அதக் குடிச்சுடும். ஓட்டம் செத்துப் போகுது, சுமந்துட்டு வந்த கல்லு மணல் எல்லாத்தையும் அந்தந்த இடத்துலயே தொப்புனு போட்டுட்டு அடங்கிடுது. சலிச்சுப் பிரிக்கறதுக்கெல்லாம் அதுக்கு நேரமே இல்ல.

அந்த மாதிரி ஆத்தோட அறுபட்ட கரை ஒண்ணு கிடைச்சா குத்துக்கால் போட்டு உக்காந்து பாக்கணும். ஒரு சாண் சரளை, அது மேல பட்டையா மணல், அது மேல ரெண்டு விரக்கடை நைஸ் மண், மறுபடி சரளை. ஒவ்வொரு அடுக்கும் ஒரு வெள்ளம். தட்டையான கல்லெல்லாம் ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு இருக்கும், சரிவு எப்பவும் தண்ணி வந்த திசையப் பாத்து. பழைய அடுக்குல ஒரு கல்ல எடுத்துத் திருப்பினா அடிப்பக்கம் வெள்ளையா சுண்ணாம்புப் பூச்சு இருக்கும், மழை பத்தாததுனால சுண்ணாம்பு கழுவிட்டுப் போக வழியில்லாம கல்லோட அடியிலயே தங்கிடுது. புது அடுக்குல அது இருக்காது. நிஜமான வண்டல் எங்கன்னு கேட்டா, வெள்ளம் வடிஞ்சு குட்டையா நின்ன பள்ளத்துல, காஞ்சு வெடிச்சு ஓரமெல்லாம் சுருண்டு நிக்குதே அந்த மெல்லிசு ஏடு, அது தான். ஒரு காத்து அடிச்சா அதுவும் போயிடும். அத வச்சுக்கிட்டு மொத்த நிலத்துக்கும் பேர் வைக்கிறாங்க.

பேர் தப்பானா என்ன நஷ்டம்னு கேட்டா கணக்காவே சொல்றேன். நல்ல வண்டல் கலந்த மண்ணு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 180 மி.மீ. தண்ணிய செடிக்குன்னு பிடிச்சு வைக்கும். வெறும் மணல்னா 60 மி.மீ. வச்சுக்கலாம். அதுல 40 சதவீதம் கல்லுன்னா கல்லு தண்ணி பிடிக்காது, மிச்சம் 36 மி.மீ. வெயில் காலத்துல வறண்ட பகுதிப் பயிர் நாளைக்கு 6 மி.மீ. இழுக்குதுன்னா ஒண்ணு 30 நாள் கணக்கு, இன்னொண்ணு 6 நாள் கணக்கு, அதுலயும் முழுசா செடியால உறிஞ்ச முடியாது. வண்டல்னு படிச்சுட்டு ஒருத்தன் வாரம் பத்து நாளுக்கு ஒருக்கா தண்ணி விட்டா என்ன ஆகும்? மண்ணு ஏமாத்திடுச்சும்பான். ஏமாத்துனது மொழிபெயர்ப்பு. உரமும் அப்படித்தான், இந்த மண்ணுல களி கம்மி, மக்கு கம்மி, சத்தப் பிடிச்சு வைக்க ஆளில்ல, போட்டது தண்ணியோட கீழ இறங்கிடும். வண்டல்னு கேட்டதும் நம்ம மனசுல வர்றது செழிப்பு. இங்க இருக்கறது அதுக்கு நேர் எதிர்.

இந்த வியாதி எங்க ஆரம்பிச்சதுன்னா பள்ளிக்கூடப் பாடத்துல. அல்லூவியல் சாயில்னா வண்டல் மண், அப்படியே மனப்பாடம். கங்கைச் சமவெளிக்கு அது பொருந்தும், யாரும் மறுக்கல. ஆனா அதே வட இந்தியச் சமவெளிப் பாடத்துலயே இமயமலை அடிவாரத்து பாபர்னு ஒரு பட்டை வரும், கூழாங்கல்லும் சரளையுமா இருக்கும், ஓடையெல்லாம் அதுக்குள்ள இறங்கி மறைஞ்சுடும்னு எழுதியிருக்கும். அதுவும் ஆறு கொண்டாந்து போட்டது தானே, அதுவும் வண்டலான்னு ஒரு பிள்ளை கேட்டா வாத்தியார் என்ன சொல்லுவார்?

அமெரிக்காக்காரன் மண் வகைப்பாட்டப் பாருங்க, 1975-ல புஸ்தகமா வந்தது. வறண்ட பகுதி ஆத்து மண்ணுக்கு டொரிஃப்ளூவென்ட்னு ஒரு பேரு. டொரின்னா வெயில்ல வறண்டது, ஃப்ளூவ்னா ஆறு, என்ட்னா இன்னும் மேலடுக்கு கீழடுக்குன்னு தேறாத இளசு மண்ணு. ஆழம் போகப் போக கரிமச் சத்து சீரா குறையாம ஏறி இறங்கி இருந்தா ஆறு அடுக்கடுக்கா போட்டதுன்னு அர்த்தம், அத ஒரு அடையாளமா வச்சிருக்கான். இதுல ரசிக்க வேண்டியது என்னன்னா, கிலான்னு ஒரு மண் தொடர், அதாவது ஒரே மாதிரி மண்ணுக்கு அவன் வைக்கற பேரு, கொஞ்சம் நைஸ் கலந்தது, அது இந்தப் பெட்டிக்குள்ள வருது. அரிசோன்னு இன்னொண்ணு, மணலும் சரளையுமா கிடக்கும், அதே மாதிரி ஆத்தோரம் தான், அத டொரிஆர்த்தென்ட்னு வேற பெட்டியில வச்சிருக்கான். கன அளவுல 15 சதவீதம் கல்லுன்னா சரளை மண்ணு, 35 தாண்டினா மிகுசரளை, 60 தாண்டினா அதுக்கும் மேல ஒரு பேரு. அவன் இவ்வளவு பிரிக்கறான், நாம எல்லாத்தையும் சேத்துக் கட்டி ஒரே வண்டல்ங்கறோம்.

அடுத்தது வெள்ளச் சமவெளி. இது எனக்கு இன்னும் எரிச்சல். ஃப்ளட்னா வெள்ளம், பிளெயின்னா சமவெளி, ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது. சமவெளின்னா நமக்கு கண்ணுக்கு எட்டின வரைக்கும் விரிஞ்ச பூமி. இது என்ன? ஆத்துக்கும் மேட்டுக்கும் நடுவுல சில இடத்துல நூறு அடி அகலம் கூட இருக்காது, மேடு பள்ளம், பழைய வாய்க்கால் தடம், கல்லுத் திட்டு. தமிழ்ல படுகைன்னு அழகா சொல்லு இருக்கு, ஆத்தங்கரைக்கு உள்வாட்டமா, வெள்ளம் வந்தா முழுகற நிலம். அந்தச் சொல்ல எடுத்து பேசினுக்கு, அதாவது ஒரு ஆத்துக்குத் தண்ணி வடியற மொத்த நிலத்துக்கு, குடுத்துட்டாங்க, டெல்டாவுக்கும் அதையே போடறாங்க, ஆத்தோட அடித்தரைக்கும் அதுதான். எண்ணெய்க் கிணறு செய்தியில படுகை, அணைத் தகராறு செய்தியில படுகை, மணல் கொள்ளைச் செய்தியிலயும் படுகை. அப்புறம் உண்மையான படுகைக்கு ஆள் இல்லாம வெள்ளச் சமவெளின்னு ஒண்ண செஞ்சு நிறுத்தறாங்க. பேசினுக்கு வடிநிலம் இருக்கு. அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க போனா சண்டையே இல்ல.

அதனால என் கட்சி இது: காட்டாற்றுப் படுகை மண். அல்லூவியத்துக்குப் பொதுவா ஆற்றுப் படிவுன்னு வச்சுக்கலாம், அதுல நைஸானதுக்கு மட்டும் வண்டல், வறண்ட பகுதியோட கல்லு மணல் கலந்த சங்கதிக்கு காட்டாற்றுப் படுகை மண். ஃப்ளாஷ் ஃப்ளட்டுக்கு நம்ம வாயில தானா வர்றதே காட்டாத்து வெள்ளம் தானே, திடீர் வெள்ளம்னு பேப்பர்காரங்க எழுதறது அப்புறம் வந்தது. மழைன்னா பொங்கி, மறுநாள் காஞ்சு கிடக்கற ஆறுன்னு அந்த ஒரு சொல்லே சொல்லிடுது, வறண்ட பகுதிங்கறதத் தனியா அடைமொழி போட்டுச் சொல்ல வேண்டியதில்ல.

காட்டாறுல காடு இருக்கே, பாலைவனத்துல ஏது காடுன்னு ஒரு ஆட்சேபம் வரும். காடுன்னா மரம் அடர்ந்த இடம் மட்டும் தான்னு யார் சொன்னா? மானாவாரி மேட்டு நிலத்தையும் காடுன்னு தான் விவசாயி சொல்றான், காட்டுக்குப் போயிட்டு வரேன்னா புலி பாக்கப் போறான்னா அர்த்தம்? முல்லைத் திணைக்கு நீர்நிலைன்னு இலக்கணம் சொல்றதே குறுஞ்சுனையும் கான்யாறும், கான்யாறுன்னா காட்டாறு தான். அந்த முல்லையும் குறிஞ்சியும் வெயில்ல திரிஞ்சா பாலைன்னு ஆகும். அப்போ பாலையில ஓடற ஆறு கான்யாறா இல்லாம வேற எதுவா இருக்கும்? இவ்வளவு நேராப் பொருந்தற சொல்ல விட்டுட்டு அநித்திய நீரோடை, இடைக்கால ஆறுன்னெல்லாம் எழுதறவங்கள என்ன சொல்ல. அநித்திய ஆறாம், வேதாந்த வகுப்பு மாதிரி இருக்கு.

சரளைன்னு போடறதா கிராவல்னு போடறதான்னு இன்னொரு தகராறு. கிராவல்னா இப்போ ரோடு போட, மனை நிரப்பக் கொட்டற செம்மண் கலவைன்னு ஆயிடுச்சு, மலையோரம் வெட்டி எடுக்கறது, ஆத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால ஆத்து மண்ணுக்கு கிராவல் வேண்டாம். சரளை பரவால்ல. இன்னும் சுத்தமா வேணும்னா பரல் இருக்கு, சிலம்புக்குள்ள போடற பரல் தான், 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல உருண்டையா இருக்கற பொடிக்கல்லுக்கு அத விடப் பொருத்தமா எதுவும் கிடையாது. தண்ணியில உருண்டு வழவழன்னு ஆன பெருசுக்குக் கூழாங்கல். தூய தமிழ்னு கிளம்பி மணற்கூழாங்கற் படிவச் சமதளம்னு நீட்டி முழக்கறவங்களுக்கும் சேத்துத் தான் சொல்றேன், நீளம் தூய்மை ஆகாது.

சப்டைட்டில்ல இடம் பத்தாது, காட்டாற்றுப் படுகைன்னா நீளம்பாங்க. சரி, ஆத்துச் சரளை மண்ணுன்னு போடுங்க, போதும். வண்டல் மட்டும் வேண்டாம்.