நிச்சயம் முடிஞ்சு தீம் பார்க் போறீங்களா, உடம்பைப் பத்தி முதல்ல பேசிடுங்க

நான் சென்னைக்கு தெற்க, ஈசிஆர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில எமர்ஜென்சி வார்டு டாக்டர். எங்க ஏரியாவுல தீம் பார்க், வாட்டர் பார்க், பீச் ரிசார்ட்னு நிறைய இருக்கறதால சனி ஞாயிறு, மே மாச லீவு, சேர்ந்தாப்ல மூணு நாள் லீவுன்னு வந்தா மத்தியானம் மூணு மணிக்கு மேல எங்களுக்கு ஒரே கூட்டம்தான். மயக்கம், வாந்தி, தோள்பட்டை இறங்கினது, வழுக்கி விழுந்து தாடை கிழிஞ்சதுன்னு வருவாங்க. இதுல நான் ரொம்ப நாளா கவனிச்ச ஒண்ணு, நிச்சயம் ஆகி கல்யாணத்துக்கு காத்திருக்கற ஜோடிங்க வந்தா என்ன பிரச்சனைன்னு அவங்க வாயில இருந்து வாங்கறதுதான் பெரிய வேலை. ஏன்னா பக்கத்துல கட்டிக்கப் போறவங்க நிக்கறாங்க. "காலைல சாப்டியாமா"ன்னு கேட்டா அந்தப் பொண்ணு அவரைப் பாக்கும். "ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா தம்பி"ன்னு கேட்டா அவர் தரையைப் பாப்பார்.

ஒரு கேஸ் சொல்றேன், ஆளு அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஊரு பேரு எல்லாம் விட்டுடறேன். நிச்சயம் முடிஞ்சு ஒரு மாசம், கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம், பொண்ணோட அண்ணன், பையனோட தங்கச்சி, ரெண்டு பக்க கசின்ஸுன்னு எட்டு பேரா சேர்ந்து மூணு நாள் டூர் வந்திருந்தாங்க. ராத்திரி பூரா பஸ் பயணம், பாட்டு கச்சேரின்னு யாரும் தூங்கல. காலைல ரூம்ல பையை போட்டுட்டு அவசர அவசரமா பத்தரைக்கு பார்க் உள்ள போயிட்டாங்க. முதல் நாளே எல்லா ரைடும் முடிச்சிடணும்னு ஒரு வேகம். மத்தியானம் ரெண்டரை மணிக்கு அலைக்குளத்துக்கு போற வரிசைல நிக்கும்போது அந்த பையன் அப்படியே சரிஞ்சு விழுந்து கை கால் வெட்டி இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு தண்ணிக்குள்ள வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நினைச்சாலும் எனக்கு வயித்தைப் பிசையுது. தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா ஆளு கத்த மாட்டாங்க, கை தட்டி கூப்பிட மாட்டாங்க, சுத்தி அம்பது பேரு குதிச்சிட்டு இருப்பாங்க, யாருக்கும் தெரியாது.

அங்க என்ன நடந்ததுன்னு அவங்க அண்ணன் சொன்னது அப்படியே நம்ம ஊரு சினிமாதான். ஒருத்தர் ஓடி வந்து சாவிக்கொத்தை கையில திணிச்சிருக்கார். இன்னொருத்தர் நாக்கை கடிச்சிக்குவான்னு ஸ்பூனை பல்லுக்கு நடுவுல வைக்கப் பாத்திருக்கார். ரெண்டு பேரு காலைப் பிடிச்சு அமுக்கியிருக்காங்க. ஒருத்தர் சோடா. எல்லாரும் நல்ல மனசோட பண்ணதுதான், ஆனா இரும்பு கையில வச்சா வலிப்பு நிக்காது. அது மூளைல மின் ஓட்டம் தாறுமாறா ஆகறதால வர்றது, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா அடங்கும், அடங்கற நேரத்துல கையில சாவி இருந்தா சாவியாலதான் நின்னுச்சுன்னு நம்பிடறோம். வாயில எதையாவது வச்சா பல்லு உடைஞ்சு மூச்சுக்குழாய்ல போகும். தண்ணியோ சோடாவோ ஊத்தினா நுரையீரலுக்கு போகும். நீங்க பண்ண வேண்டியது, பக்கத்துல இருக்கற கல்லு கம்பி எல்லாம் நகத்திட்டு, தலைக்கு அடியில துண்டோ பையோ வச்சு, கழுத்து பட்டனை தளர்த்தி, வாட்சைப் பாத்து நேரத்தை எண்ணுங்க. இழுப்பு விட்டதும் ஒருக்களிச்சு படுக்க வைங்க, எச்சில் நுரை எல்லாம் வெளிய வழியட்டும். அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, முழிப்பு வர்றதுக்குள்ள திரும்ப வந்தாலோ, தண்ணில வந்தாலோ, கர்ப்பிணியா இருந்தாலோ, வாழ்க்கைல முதல் தடவை வர்ற வலிப்பா இருந்தாலோ உடனே 108. அந்தக் கூட்டத்துல சரியா பண்ண ஒரே ஆள் அந்தப் பொண்ணுதான், கீழ உக்காந்து தலை தரையில மோதாம தன் துப்பட்டாவை சுருட்டி வச்சிருக்கு.

எங்க கிட்ட வந்தப்ப இழுப்பு நின்னிருந்துச்சு, ஆனா ஆள் குழப்பத்துல இருந்தார், நாக்கு ஓரத்துல கடி. சுகர் பாத்தோம், பிரஷர் பாத்தோம், மருந்து போட்டோம். அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "இவருக்கு முன்னாடியே இருக்கா டாக்டர்?" எனக்கு அப்ப பதில் தெரியாது. ஒரு மணி நேரம் கழிச்சு தெளிஞ்சதும் அவரை தனியா வச்சு கேட்டேன். காலேஜ் படிக்கும்போதே வந்திருக்கு, தினம் ரெண்டு வேளை மாத்திரை, மூணு வருஷமா ஒரு தடவை கூட வரல. முந்தின நாள் ராத்திரி பஸ்ல எல்லார் முன்னாடியும் மாத்திரை எடுக்க சங்கடம், விட்டுட்டார். காலைல மாத்திரை அட்டையை பையில வச்சா லாக்கர்ல வைக்கும்போது மச்சான் பாத்துடுவார்னு ரூம்லயே விட்டுட்டு வந்துட்டார். ரெண்டு வேளை மாத்திரை போச்சு, தூக்கம் இல்ல, காலைல ரெண்டு பிஸ்கட்டு, உச்சி வெயில்ல நாலு மணி நேரம். வலிப்பு நோய் இருக்கறவங்களுக்கு மாத்திரை விட்டுப் போறதும் தூக்கம் கெடறதும்தான் முக்கியமான தூண்டுதல்னு நாங்க எத்தனை தடவை சொன்னாலும் அந்த ரெண்டும் ஒரே நாள்ல சேர்றது இந்த மாதிரி டூர்லதான்.

அதுக்குள்ள அவங்க அம்மா எனக்கு போன். "பொண்ணு வீட்டுக்கு சொல்லிடாதீங்கம்மா, வெயில்ல மயக்கம்னு சொல்லிடுங்க, உங்க கால்ல விழறேன்." அந்த அம்மா மேல எனக்கு கோவம் வரல, பயம்தான் அது, எத்தனை வரன் தட்டிப் போயிருக்குமோ. நோயாளியோட விவரத்தை அவர் சம்மதம் இல்லாம நான் யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். அதே சமயம் பொய் சொல்லவும் மாட்டேன். இதை அவர்கிட்டயே சொன்னேன், "நான் சொல்ல மாட்டேன் தம்பி, ஆனா நீங்க சொல்லணும், இன்னிக்கே சொல்லணும்."

இதுல நம்ம ஆளுங்களுக்கு தெரியாத ஒரு விஷயம் இருக்கு. இந்து திருமணச் சட்டத்துல ஒரு காலத்துல அடிக்கடி வலிப்பு வர்றதையும் கல்யாணத்துக்கு தடையா எழுதி வச்சிருந்தாங்க. 1999ல சட்டத்தை திருத்தி அந்த வார்த்தையை எடுத்துட்டாங்க. அதாவது வலிப்பு இருக்குங்கறது இன்னிக்கு சட்டப்படி கல்யாணத்துக்கு தடையே இல்ல. ஆனா முக்கியமான விஷயத்தை மறைச்சு கல்யாணம் பண்ணினா ஏமாத்திட்டாங்கன்னு பின்னாடி கோர்ட்டுக்கு போக வழி இருக்கு. சொன்னா பாதுகாப்பு, மறைச்சாதான் ஆபத்து, நம்ம வீடுகள்ல இதைத் தலைகீழா நினைச்சிட்டு இருக்கோம். சரியா கண்டுபிடிச்சு மருந்து எடுத்தா 100 பேர்ல 70 பேர் வரைக்கும் வலிப்பு இல்லாம வாழ முடியும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பொண்ணுக்கு இருந்தா இன்னும் சீக்கிரமா பேசணும், ஏன்னா சில வலிப்பு மருந்துங்க, குறிப்பா வால்ப்ரோயேட், வயித்துல இருக்கற குழந்தையை பாதிக்கும், கல்யாணத்துக்கு முன்னாடியே நரம்பு டாக்டரைப் பாத்து மருந்தை மாத்தற மாதிரி இருக்கும். அவங்களா மாத்திரையை நிறுத்திடக்கூடாது.

வலிப்பு வரைக்கும் போகாத கேஸ்தான் வாராவாரம் வர்றது, அதுல பெரும்பாலும் பொண்ணுங்க. காரணத்தைக் கேட்டா மனசு கஷ்டமா இருக்கும். தண்ணி குடிக்கல. ஏன்மா குடிக்கலன்னா, அடிக்கடி பாத்ரூம் போகணும்னு அவர்கிட்ட எப்படி சொல்றது, அவரை வெளிய நிக்க வச்சிட்டு எப்படி போறதுன்னு ஒரு கூச்சம். பார்க்குல டாய்லெட் எங்க இருக்கோன்னு தயக்கம் வேற. அதோட கல்யாணத்துக்குள்ள அஞ்சு கிலோ குறைக்கணும்னு காலைல வெறும் காபி. ஏற்கனவே நம்ம பொண்ணுங்களுக்கு ரத்தம் கம்மி, 2019-21 தேசிய குடும்பநல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த உடம்போட வெறும் வயித்துல, தண்ணி இல்லாம, ஒரு மணி நேரம் வரிசைல அசையாம நின்னா ரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கி பிரஷர் விழுந்து கண்ணு இருட்டும். அப்ப உடனே உக்காரணும், முடிஞ்சா மல்லாக்கப் படுத்து காலை தூக்கி வைக்கணும், கூட இருக்கறவங்க "ஒண்ணும் இல்ல, எழுந்திரு"ன்னு தூக்கி நிறுத்தக்கூடாது, நிறுத்தினா திரும்ப விழுவாங்க. மாப்பிள்ளை பசங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களே "நான் பாத்ரூம் போயிட்டு வரேன், நீயும் போயிட்டு வரியா"ன்னு கேளுங்க. அவ்ளோதான், அந்தப் பொண்ணு நாள் பூரா தண்ணி குடிக்கும்.

பீரியட்ஸ் தேதி இடிக்குதுன்னு மெடிக்கல்ஸ்ல மாத்திரை வாங்கி தள்ளிப் போடறதும் நிறைய நடக்குது. கால் ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி வந்தவங்க, கண்ணுல மின்னல் மாதிரி தெரிஞ்சு அப்புறம் ஒத்தைத் தலைவலி வர்றவங்க, வீட்டுல யாருக்காவது ரத்தம் உறையற பிரச்சனை இருந்தவங்க இதைத் தானா எடுக்கவே கூடாது. தேதியை மாத்திக்கங்க, பார்க் எங்கயும் ஓடிடாது.

ஓஆர்எஸ், அதாவது உடம்புல நீர்ச்சத்து குறைஞ்சா தண்ணில கரைச்சு குடிக்கற உப்பு சர்க்கரைப் பொடி, அதைப் பத்தி ஒண்ணு. பெரிய பாக்கெட்டுல 1 லிட்டர்னு போட்டிருந்தா 1 லிட்டர்லயே முழுசா கரைக்கணும், பாட்டில்ல கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக்கறது தப்பு, உப்பு அளவு மாறிடும். டெட்ரா பாக்குல ஓஆர்எஸ்னு பேரு போட்டு வித்த இனிப்பு பானங்களை நம்பாதீங்க, ஹைதராபாத்ல ஒரு குழந்தை டாக்டர் வருஷக்கணக்கா போராடி, 2025 அக்டோபர்லதான் அந்தப் பேரை அப்படி போடக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், உத்தரவு போட்டுச்சு. மோர், இளநீர் தாராளமா குடிங்க. வெயில்ல யாராவது உளற ஆரம்பிச்சாலோ தள்ளாடினாலோ அது வெறும் அசதி இல்ல, ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், நிழலுக்கு கொண்டு போய் உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 108 கூப்பிடுங்க, அந்த நிலைல வாயில எதுவும் கொடுக்காதீங்க.

அப்புறம் மோதிரம். நிச்சயத்துக்கு போட்ட மோதிரத்தை கழட்டினா அபசகுனம்னு அப்படியே சறுக்குல ஏறிடறாங்க. மோதிரம் ஏதாவது விளிம்புல மாட்டி உடம்பு எடை மொத்தமும் இழுத்தா விரல் தோலே உரிஞ்சு வந்துடும், சில சமயம் விரலே போயிடும். அந்த அளவுக்கு இல்லாட்டியும் வெயில்ல கையை தொங்க விட்டு நாள் பூரா நடந்தா விரல் வீங்கி மோதிரம் இறுகிடும். கையைத் தூக்கிப் பிடிச்சு குளிர்ந்த தண்ணில வச்சு சோப்பு போட்டுப் பாருங்க. வரலன்னா வழவழப்பான நூலோட ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில விட்டு, மீதியை மோதிரத்தை ஒட்டி கணு தாண்டற வரைக்கும் நெருக்கமா சுத்திட்டு, அடியில விட்ட முனையைப் பிடிச்சு பிரிச்சுக்கிட்டே வாங்க, மோதிரம் சுத்து சுத்தா முன்னாடி நகரும். விரல் நுனி நீலமாவோ மரத்துப் போயோ இருந்தா நூலோட மல்லாடாம வந்துடுங்க, எங்ககிட்ட வெட்டற கருவி இருக்கு, வெட்டின மோதிரத்தை ஆசாரி ஒட்டித் தந்துடுவார். இதே மாதிரி கோ-கார்ட்னு சொல்ற குட்டி ரேஸ் வண்டில துப்பட்டா, அவிழ்த்து விட்ட முடி சக்கரத்துல சிக்கி உயிரே போயிருக்கு நம்ம நாட்டுல, அதுல மட்டும் போட்டோ நல்லா வரணும்னு முடியை விரிச்சு விடாதீங்க.

ரைடு வாசல்ல இதய நோய், கழுத்து முதுகு பிரச்சனை, வலிப்பு, கர்ப்பம்னு ஒரு போர்டு இருக்கும், தயவு செஞ்சு நின்னு படிங்க. உங்களுக்கு அதுல ஏதாவது இருந்தா டூர் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உங்க டாக்டரைக் கேளுங்க. சும்மா தலை சுத்தற ஆளா இருந்தா அதுக்கான மாத்திரையை ரைடுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும், சுத்தினப்புறம் போட்டு பெருசா பலன் இல்ல, தூக்கம் வேற வரும், அப்புறம் வண்டி ஓட்டக்கூடாது. பயமா இருந்தா "எனக்கு வேணாம், நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லிடுங்க, அப்படி சொன்னதுக்காக கல்யாணம் நின்னதா நான் கேள்விப்பட்டதே இல்ல.

அந்த பையன் விஷயத்துக்கு வரேன். சாயந்தரம் ஆறு மணி இருக்கும், திரைச்சீலைக்கு உள்ள அவங்க ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசினாங்க, நான் அந்தப் பக்கமே போகல. அப்புறம் அந்தப் பொண்ணு வெளிய வந்து, அழுதிருந்துச்சு, ஆனா கேட்டது வேற. "நாளைக்கும் டிக்கெட் எடுத்திருக்கோம் டாக்டர், போகலாமா?" ரைடு வேணாம், தண்ணி வேணாம், நரம்பு டாக்டர் சொல்ற வரைக்கும் அவர் பைக் எடுக்கக்கூடாது, இன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கணும், மத்த ஆறு பேரு வேணும்னா போகட்டும்னு சொன்னேன். தலையாட்டிட்டு உள்ள போச்சு. அவர் போன்ல இருந்த பழைய மருந்துச் சீட்டை அதுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு இருந்தார். இது அதை பெருசாக்கிப் பாத்துட்டு, "என்னங்க, ராத்திரி மாத்திரை எட்டு மணிக்கா, ஒம்பது மணிக்கா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு.