கிராயினா: எல்லையா, எல்லைப்புறமா?

யுகோஸ்லாவியப் போரைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'கிரஜினா' என்று ஒரு இடப்பெயர் வந்து நிற்கிறது. ரோமன் எழுத்தில் ஜே-யைக் கண்டதும் ஜகரம் போட்டுவிடுகிறார்கள். செர்பிய, குரோவாசிய மொழிகளில் அந்த எழுத்துக்கு யகர ஒலி. கிராயினா என்பதே சரி. 'கிராய்' என்றால் ஓரம், முடிவு. ஓரத்து நிலம் கிராயினா. வேர் அவ்வளவுதான்.

பொருள் சொல்லும்போதுதான் வம்பு. 'வோய்னா கிராயினா'வை 'இராணுவ எல்லை' என்கிறார்கள். எல்லை என்றதும் நமக்குத் தோன்றுவது கோடு, முள்வேலி, சோதனைச்சாவடி. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் துருக்கிய ஒட்டோமான் படைகளைத் தடுக்க ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசு அமைத்தது ஊரும் வயலுமாகக் கிடந்த ஒரு நீண்ட நிலப்பட்டை. ஒட்டோமான் ஆட்சிப் பகுதியிலிருந்து வந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களான விளாக்குகளும் (பால்கன் மேய்ப்பர் குடிகள்) செர்பியர்களும் அங்கே குடியேறினார்கள். கத்தோலிக்கக் குரோவாசியர்களும் இருந்தார்கள். நிலம் உண்டு, பண்ணையாருக்கு விளைச்சலில் வாரம் கிடையாது, பதிலுக்குப் படைச்சேவை. ஏர் பிடித்தவனே துப்பாக்கியும் பிடித்தான். 1630இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் இந்தக் குடிகளின் உரிமைகளைச் சாசனமாகவே எழுதிக்கொடுத்தார். 1881இல் இந்தப் பட்டை குரோவாசியா-ஸ்லவோனியாவோடு சேர்ந்தது.

இதைப் படித்ததும் 'ஆகா, நம்ம பாளையம்!' என்று துள்ளத் தோன்றும். தூய தமிழ் அன்பர்களுக்கு இந்தச் சொல்மேல் ஒரு கண். நிலத்துக்குப் பதில் படை என்ற அளவில் பொருத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாளையத்துக்கு ஒரு பாளையக்காரர் வேண்டுமே? வரி வாங்கி, படை திரட்டி, நடுவில் அதிகாரம் செய்பவர் அவர். கிராயினாவின் சிறப்பே நடுவில் அப்படி ஒரு பிரபு இல்லாததுதான். குரோவாசியப் பிரபுக்கள் அந்தக் குடிகளைத் தம் பண்ணைக்கு இழுக்கப் பார்த்தார்கள். குடிகள் பேரரசரைக் காட்டி மறுத்தார்கள். சண்டையே அதில்தான். பாளையம் என்று எழுதினால் அந்தச் சண்டையே காணாமல் போகும். 'விளிம்பு நாடு' என்று எழுதினால் இன்னும் மோசம். 'விளிம்புநிலை' பெருகிவிட்ட இந்தக் காலத்தில் ஒடுக்கப்பட்டோர் நாடு என்றுதான் படிப்பார்கள்.

எல்லைப்புறம் என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது. 'புறம்' என்றாலே இடம் வந்துவிடுகிறது. வோய்னா கிராயினா படைக்குடி எல்லைப்புறம். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

அப்புறம், கிராயினா ஒன்றல்ல. பன்யா லூகா, பிஹாச் பக்கம் பொஸ்னியக் கிராயினா; செர்பியாவின் கிழக்கில், பல்கேரியாவை ஒட்டித் திமோக் கிராயினா. 1991இல் குரோவாசியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்த செர்பியர்கள் தங்கள் குடியரசுக்கும் இந்தப் பெயரையே வைத்தார்கள். அதன் தலைநகர் க்னின் இருக்கும் டல்மேஷியாவோ (குரோவாசியாவின் அட்ரியாட்டிக் கடலோரப் பகுதி) பழைய ஹாப்ஸ்பர்க் எல்லைப்புறத்தில் சேர்ந்ததே இல்லை. அது வெனிஸ் வசம் இருந்தது. 1991 கணக்கெடுப்பில் க்னின் வட்டாரத்தில் பெரும்பான்மை செர்பியர்கள். 1995 ஆகஸ்டில் குரோவாசியப் படை நுழைந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் அந்தக் குடியரசை விட்டு ஓடினார்கள். இன்று க்னினில் குரோவாசியர்களே அதிகம். அவர்களில் பலர் பொஸ்னியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

ஆகவே, எந்தக் கிராயினா என்று அடைமொழி போட்டு எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்தால் போதும். அதற்குத்தான் இங்கே யாருக்கும் நேரமில்லை.