மார்ச் மாதத்துப் பாலிசியும் ஜூலை மாதத்து வரியும்

ஜனவரி பிறந்தால் போதும், முதலீட்டு ஆதாரங்களை இன்ன தேதிக்குள் கொடுங்கள் என்று நிறுவனத்திலிருந்து மெயில் வந்துவிடும். அந்த அவசரத்தில் தெரிந்த ஏஜென்ட்டைக் கூப்பிட்டு 50,000 ரூபாய்க்கு எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) எடுப்பவர்கள் இன்னும் ஏராளம். வருமான வரியில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு. பாலிசி எடுத்தவர் புதிய முறையில் இருந்தால் அந்தப் பாலிசியால் வரி ஒரு பைசா குறையாது. காப்பீடு, சேமிப்பு போன்றவற்றுக்காக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் 80சி கழிவே அங்கே கிடையாது. பிரீமியம் மட்டும் வருடா வருடம் வாசலில் வந்து நிற்கும்.

எந்த முறை வேண்டும் என்று நீங்கள் வாய்திறந்து சொல்லாதவரை, நிறுவனம் உங்களைப் புதிய முறையில்தான் வைத்திருக்கும். ஆகவே பாலிசி, பி.பி.எஃப். எல்லாம் அப்புறம். முதலில் கணக்கு.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு 30 சதவீதம். சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000. பழைய முறையில் 2.5 லட்சம் வரை இல்லை, 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. நிலையான கழிவு 50,000. இரண்டிலும் வரியின் மேல் 4 சதவீத செஸ் உண்டு.

சென்னையில் வருடம் 15 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் 14.25 லட்சத்துக்கு வரி 93,750, செஸ் சேர்த்து 97,500. பழைய முறையில் இதே வரி வர வேண்டுமென்றால், நிலையான கழிவு போக இன்னும் சுமார் 5.44 லட்சம் கழிவு காட்டியாக வேண்டும். இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அவ்வளவு கழிவு எங்கிருந்து வரும்? 80சி-யில் 1.5 லட்சம். அதில் பெரும்பகுதியைப் பி.எஃப். பிடித்தமும் பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸும் ஏற்கெனவே நிரப்பியிருக்கும். பள்ளி வேன் கட்டணமும் நன்கொடையும் அதில் சேராது. மருத்துவக் காப்பீடு 25,000. சொந்தமாக என்.பி.எஸ்.ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) போட்டால் 50,000. மீதி வீட்டு வாடகைப் படி. தப்புக் கணக்கு அதிகம் நடப்பது இதில்தான். சம்பளச் சீட்டில் எச்.ஆர்.ஏ. என்று போட்டிருக்கும் தொகை அப்படியே கழிந்துவிடாது. கையில் வாங்கிய படி, அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், கட்டிய வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தது, இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். கோயம்புத்தூர், மதுரைக்காரர்களுக்கு 50 என்பது 40.

நம் ஆளுக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, படி 30,000, வாடகை 22,000. வருடத்துக்குப் படி 3.6 லட்சம், அடிப்படையில் பாதியும் 3.6 லட்சம். ஆனால் வாடகை 2.64 லட்சத்தில் 72,000 போனால் 1.92 லட்சம்தான். அதுவே கழிவு. மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டினாலும் வரிக்குரிய வருமானம் 10.33 லட்சம், செஸ்ஸோடு வரி 1,27,296. இத்தனை பாடுபட்டும் புதிய முறையைவிட 29,796 ரூபாய் கூடுதல். சொந்த ஊரில் பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு 2 லட்சம் கடன் வட்டி கட்டுகிறார் என்றால் மட்டும் கதை மாறும்: வரி 82,264. வாடகையும் வீட்டுக் கடனும் சேர்ந்து இருப்பவர்கள் பழைய முறையைப் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது வீண் அலைச்சல்.

புதிய முறையில் குறைக்க வழியே இல்லையா என்றால், உருப்படியாக ஒன்று இருக்கிறது. நிறுவனம் தன் பங்காக உங்கள் என்.பி.எஸ். கணக்கில் போடும் தொகை, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழியும். மேலே சொன்னவருக்கு அது 1,00,800 ரூபாய். வரியில் மிச்சம் சுமார் 15,725. நீங்களே போட்டால் இந்தக் கழிவு இல்லை. மொத்தச் சம்பளத்துக்குள்ளேயே இதைப் பிரித்துத் தரச் சொல்லி எச்.ஆரிடம் ஏப்ரலிலேயே கேட்க வேண்டும். பணம் ஓய்வுக்காலம் வரை முடங்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்பது பாதி உண்மை. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் புதிய முறையில் வரும் வரியை 87ஏ தள்ளுபடி இல்லாமலாக்கிவிடும். ஆனால் பங்கு லாபம் போலத் தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கு அது பொருந்தாது. சம்பளம் கழிவெல்லாம் போக 10 லட்சம், பங்கு விற்றதில் குறுகிய கால லாபம் 1 லட்சம் என்றால் மொத்தம் 11 லட்சம்தான். ஆனாலும் அந்த லாபத்துக்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 20,800 கட்டத்தான் வேண்டும். மாறாக, வரிக்குரிய சம்பளம் 12.10 லட்சமாகிவிட்டதே என்று பயப்பட வேண்டியதில்லை. விகிதப்படி வரும் 61,500-ஐக் கட்டச் சொல்ல மாட்டார்கள்; தாண்டிய 10,000-த்தோடும் அதன் செஸ்ஸோடும் நிற்கும்.

வருட நடுவில் வேலை மாறியவர்களுக்குத்தான் ரிட்டர்ன் போடும் ஜூலையில் பெரிய அடி. ஆறு மாதம் ஒரு லட்சம் சம்பளத்தில் ஓர் இடம், அடுத்த ஆறு மாதம் ஒன்றரை லட்சத்தில் இன்னோர் இடம். முதல் நிறுவனம் வருடத்துக்கு 12 லட்சம் என்று கணக்கிட்டு ஒன்றும் பிடிக்காது. இரண்டாவது நிறுவனத்துக்குத் தெரிவது 9 லட்சம் மட்டும், அதுவும் பிடிக்காது. இரண்டு இடத்திலும் 75,000 கழிவு, இரண்டு இடத்திலும் தள்ளுபடி. ரிட்டர்ன் போடும்போது மொத்தம் 15 லட்சம், வரி 97,500. முன்கூட்டியே கட்டாததற்கு 234பி, 234சி வட்டி கிட்டத்தட்ட 8,800. புது இடத்தில் சேர்ந்த வாரமே பழைய சம்பள விவரத்தை ஃபார்ம் 12பி-யில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வாடகை ரசீதைக் கணினியில் அடித்து, வீட்டுக்காரர் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்வது நிறைய இடங்களில் நடக்கிறது. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் கேட்பார்கள். அவர் கணக்கில் அந்த வருமானம் இல்லையென்றால் இரண்டும் ஒட்டாது. அப்பாவுக்கு வாடகை கொடுப்பது தப்பில்லை. வீடு அவர் பெயரில் இருக்க வேண்டும், பணம் வங்கி வழியாகப் போக வேண்டும், அவரும் அதைத் தன் வருமானமாகக் காட்ட வேண்டும். அவருக்கு அதில் 30 சதவீதம் கழியும். ரீஃபண்டில் பங்கு கேட்டு, கட்சி நன்கொடை என்று இல்லாததைப் போட்டுத் தருபவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பொய்க் கணக்குக்கு அபராதம் தப்பிய வரியில் 200 சதவீதம். அது உங்கள் பான் எண்ணில் வரும், அவருடையதில் அல்ல.

நிறுவனத்திடம் புதிய முறை என்று சொல்லியிருந்தாலும், தொழில் வருமானம் இல்லாதவர்கள் ரிட்டர்னில் பழைய முறைக்கு மாறலாம். ஆனால் ஜூலை 31-க்குள் போட்டால்தான். தேதி தாண்டினால் பழைய முறை கிடையாது. 82,264 கட்ட வேண்டியவருக்கு 97,500, கூடவே 5,000 தாமதக் கட்டணம். போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொண்டு சரிபார்க்கவும் வேண்டும். ஜூலை 30-ல் போட்டுவிட்டுச் செப்டம்பரில் சரிபார்த்தால், சரிபார்த்த நாளில் போட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.