பாலியல் துன்புறுத்தல் புகார்கள்: ஆண்டறிக்கையில் முதலீட்டாளர் எதைப் பார்க்க வேண்டும்?

நாம் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார் எத்தனை வந்தது என்று தெரிந்துகொள்ள யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆண்டறிக்கையிலேயே அது இருந்தாக வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார் குழு, அதாவது பலர் சொல்லும் விசாகா கமிட்டி, இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். 'குழு அமைத்திருக்கிறோம்' என்ற ஒரு வாசகம் ஆண்டறிக்கையில் வரும் இயக்குநர் குழு அறிக்கையில் இருக்க வேண்டும் என்று 2018-இல் விதி வந்தது. அந்த வாசகத்தை வருடாவருடம் நகலெடுத்துப் போட்டாலே போதும் என்றிருந்த நிலை 2025 ஜூலை 14 முதல் மாறிவிட்டது. வந்த புகார்கள், முடித்துவைத்தவை, 90 நாளைத் தாண்டி நிலுவையில் இருப்பவை என மூன்று எண்களையும் இப்போது தர வேண்டும். பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஒருநபர் கம்பெனிக்கும் சிறு கம்பெனிக்கும் விலக்கு உண்டு. விவரம் தராவிட்டால் நிறுவனத்துக்கு அபராதம் 3 லட்சம் ரூபாய். பெரிய கம்பெனிக்கு அது டீச்செலவு!

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் பிஆர்எஸ்ஆர் (BRSR) என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையும் தர வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. புகார்கள் பெண் ஊழியர்களின் எண்ணிக்கையில் எத்தனை சதவீதம், விசாரணையில் உறுதியானவை எத்தனை என்பது அதில், முந்தைய ஆண்டுக் கணக்கோடு இருக்கும்.

சரி, இந்த எண்களை எப்படிப் படிப்பது? பூஜ்யத்தைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் இடத்தில் வருடக்கணக்கில் ஒரு புகார்கூட இல்லை என்றால், கொடுக்கப் பயப்படுகிறார்களா, குழு இருப்பதே தெரியாதா என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. பத்துப் புகார் வந்து பத்தையும் விசாரித்து முடித்த நிறுவனத்தை அதைவிட நம்பலாம் என்பது என் எண்ணம். நிலுவைக் கணக்குதான் எல்லாவற்றையும்விட முக்கியம். விசாரணைக்குச் சட்டம் தரும் அவகாசமே 90 நாள்தான். அதைத் தாண்டி இழுப்பதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம், புகாருக்கு ஆளானவர் மேலிடத்து ஆளாகவும் இருக்கலாம். அப்புறம், இரண்டு அறிக்கைகளிலும் புகார் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சிறு பங்குதாரரும் இதைக் கேட்கலாம். நிலுவை ஏன், குழுவில் வெளி உறுப்பினர் இருக்கிறாரா என்று கேளுங்கள், பெயர்களை மட்டும் கேட்காதீர்கள். புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிட 2013 சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. பதில் மழுப்பலாக இருந்தால் இயக்குநரின் மறுநியமனத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களிக்கலாம். ஆனால் வீட்டிலிருந்து போடும் மின்வாக்கு கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கே முடிந்துவிடும். பதிலைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க நினைப்பவர்கள் வாக்கைக் கூட்டத்தில் போட வைத்துக்கொள்ள வேண்டும்.