பக்: பிழை அல்ல, வழு

"பிழைகள் நிறைந்த கிரிக்கெட் விளையாட்டு, ரசிகர்கள் ஏமாற்றம்." அரைவேக்காடாக ஒரு கிரிக்கெட் கேம் சந்தைக்கு வரும்போதெல்லாம் இப்படி ஒரு தலைப்பு தமிழில் கண்ணில் படுகிறது. இதை மட்டும் படிப்பவர், எங்கோ ஒரு மேட்சில் நாலு கேட்சைக் கோட்டைவிட்டு, இரண்டு ரன் அவுட்டைத் தவறவிட்டுத் தோற்றிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். சொல்ல வந்ததோ வேறு: காசு கொடுத்து வாங்கிய கேமில் ஃபீல்டர் பந்தைப் பார்த்துக்கொண்டே சிலையாக நிற்கிறார், ஸ்கோர் போர்டு ஏழாவது பந்தை எண்ணுகிறது, ஐந்தாம் நாள் காலையில் சேவ் ஃபைல் திறக்க மறுக்கிறது. நிரலுக்குள் இருக்கும் இப்படிப்பட்ட குறையைத்தான் ஆங்கிலத்தில் பக் (bug) என்கிறார்கள். மொழிபெயர்ப்புப் பொறிகளிடம் விட்டால் இன்னும் மோசம். அவை 'தரமற்ற விளையாட்டு' என்று எழுதிவிடுகின்றன. தரம் வேறு, பக் வேறு. ஓவியம்போல வரைந்த மைதானமும் பிரமாதமான வர்ணனையும் உள்ள கேமிலும் நூறு பக் இருக்கலாம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் பக் என்பதற்குப் பூச்சி என்ற பொருள் வருவதற்கு முன்பே பேய், பூதம் என்ற பொருள் இருந்தது. குழந்தைகளுக்குக் காட்டும் பூச்சாண்டி போல. கருவிக்குள் ஒளிந்திருக்கும் சிக்கல் என்ற பொருளில் எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ரிலே என்ற மின்சுவிட்ச் ஒன்றுக்குள் ஒரு விட்டில் சிக்கியிருந்ததை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, நிஜமாகவே பக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் என்று எழுதிவைத்தார்கள். அது கிண்டல். ஏற்கெனவே புழங்கிய சொல்லை வைத்துத்தான் அந்தக் கிண்டலே. இது தெரியாமல் விட்டிலிலிருந்துதான் சொல் பிறந்தது என்று நம்பி, 'மென்பொருள் பூச்சி' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நேருக்கு நேர் பெயர்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் பூச்சாண்டி என்று எழுதட்டும், வரலாற்றுக்காவது பொருந்தும்.

பூச்சியைத் தட்டிவிடுவது எளிது. உண்மையான போட்டி 'பிழை'யோடுதான். நல்ல தமிழ்ச் சொல், எல்லோருக்கும் புரிகிறது, அதில் என்ன குறை என்று கேட்பார்கள். குறை அதன் வேரிலேயே இருக்கிறது. பிழைத்தல் என்றால் குறி தவறுதல். யானைமேல் எறிந்து குறி தப்பிய வேலைத் திருக்குறள் 'பிழைத்த வேல்' என்கிறது. எறிந்தவன் உண்டு, அவனுக்குக் குறி உண்டு, கை தவறியது, அது பிழை. ஆபத்திலிருந்து தப்புவதற்கும் அதே சொல்தான்: கேட்ச் நழுவியதால் பிழைத்த பேட்ஸ்மேன். இலங்கைத் தமிழில் இதன் வீச்சு இன்னும் அகலம். தமிழ்நாட்டில் தப்பு என்று சொல்லும் இடத்திலெல்லாம் அங்கே 'பிழை'தான்.

இப்போது இந்தச் சொல்லைக் கிரிக்கெட் கேமுக்குள் கொண்டுவந்து பாருங்கள். கிரிக்கெட் என்பதே பிழைகளின் ஆட்டம். ஆகவே கேம் செய்பவர்கள் வேலை மெனக்கெட்டுப் பிழைகளைக் கட்டி வைக்கிறார்கள். ஃபீல்டரின் திறனுக்கு ஒரு மதிப்பெண், பந்து வரும் வேகத்துக்கும் உயரத்துக்கும் ஒரு கணக்கு, இரண்டையும் பெருக்கி 'இந்தக் கேட்ச் நழுவட்டும்' என்று கேமே முடிவு செய்கிறது. ரிவ்யூ கேட்பதற்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டுமே என்பதற்காக அம்பயரும் அவ்வப்போது தவறாக விரல் தூக்குவார். கீப்பர் ஸ்டம்பிங்கை விடுவதும் பவுலர் நோ பால் போடுவதும் திட்டமிட்டு வைத்தவையே. பிழை ஒன்றுகூட நடக்காத கிரிக்கெட் கேமை அரை மணி நேரம்கூட ஆட முடியாது. அப்படியிருக்க, 'ஃபீல்டர் பிழை', 'நடுவர் பிழை' என்று புகார் எழுதினால் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? ஃபீல்டர் கேட்சை விட்டாரா, கேட்ச் பிடித்த பிறகும் பேட்ஸ்மேன் அவுட் ஆகவில்லையா? முதலாவது ஆட்டம். இரண்டாவதுதான் பக்.

பந்து மட்டைக்குள் புகுந்து போகும் பழைய புகாரையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து நொடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர் ஓடுகிறது. பந்து எங்கே இருக்கிறது என்று கேம் போடும் கணக்கு நொடிக்கு 60 தடவை நடந்தால், ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையில் பந்து 65 செ.மீ. நகர்ந்திருக்கும். மட்டையின் தடிமனோ சட்டப்படியே 6.7 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஒரு கணக்கில் பந்து மட்டைக்கு முன்னால் இருக்கிறது, அடுத்த கணக்கில் பின்னால் இருக்கிறது, நடுவில் தொட்டதை யாருமே பார்க்கவில்லை. இரண்டு புள்ளிகளையும் ஒரு கோடாக இணைத்து, அந்தக் கோடு மட்டையை வெட்டுகிறதா என்று சோதித்திருக்க வேண்டும். இதே திரையில், ஆடுகிறவர் பொத்தானைத் தாமதமாக அழுத்தியதாலும் பந்து மட்டையைத் தாண்டிப் போகும். அது பிழை, ஆடியவரின் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பாதிச் சண்டைகளுக்கு இதுதான் மூலம்: ஒருவர் பக் என்பார், மற்றவர் உனக்கு ஆடத் தெரியவில்லை என்பார். இரண்டையும் பிரித்துச் சொல்ல மொழியில் இரண்டு சொல் வேண்டும்.

அந்த இரண்டாவது சொல்தான் வழு. தமிழ்க் கணிமைக்காரர்கள் சிலர் இதைப் பல ஆண்டுகளாகவே எழுதிவருகிறார்கள். வழுவுதல் என்றால் நெறியிலிருந்து விலகுதல், நழுவுதல். வழுக்குதலும் அதன் உறவுதான். இங்கே குறி பார்த்தவன் யார் என்ற கேள்வியே எழாது. விதி ஒன்று இருக்கிறது, அமைப்பு அதிலிருந்து நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பொருத்தம்: ஆங்கிலத்தில் க்ளிட்ச் என்கிறார்களே, அது ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் வழுக்குவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. கண நேரம் திரையில் தெரிந்து மறையும் க்ளிட்ச்சுக்கு 'வழுக்கல்' என்று தனியாக ஒரு சொல் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் குளியலறைத் தரை ஞாபகம் வருவதைத் தடுக்க முடியாது.

பவணந்தியாரின் நன்னூல் வழுவை ஏழாகப் பிரிக்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. எந்தக் கிரிக்கெட் கேமையும் இந்த ஏழில் ஏறக்குறைய அடுக்கிவிடலாம். பெண்கள் ஆட்டத்தில் வர்ணனையாளர் 'அவன்' என்றால் அது அசல் பால் வழு, பொருளை ஒரு இம்மிகூட நீட்ட வேண்டியதில்லை. மூன்று பந்துக்கு முன்பு போன பவுண்டரியை இப்போது புகழ்ந்தால் கால வழு. தடுத்தாடப் பொத்தானை அழுத்தினால் தூக்கி அடிப்பது விடை வழு. இலக்கணத்தில் இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை. அதைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டால், இடக்கை ஆட்டக்காரர் ஸ்ட்ரைக்குக்கு வந்த பிறகும் ஃபீல்டு திரும்பாமல் வலக்கைக்காரருக்கு நின்றபடியே நிற்பதை இட வழுவில் சேர்க்கலாம். கேட்ச் அவுட்டானால், ஆட்டக்காரர்கள் குறுக்கே ஓடிக் கடந்திருந்தாலும் புதிதாக வருபவரே அடுத்த பந்தை ஆட வேண்டும் என்று 2022 அக்டோபர் 1 முதல் விதி மாறியது, ஓவர் முடிந்துவிட்டால் தவிர. அதற்குப் பிறகு வந்த கேம் பழைய விதிப்படியே ஓடினால் அதைவிடச் சுத்தமான மரபு வழு கிடைக்காது.

வழுவமைதி என்ற ஒன்றும் இருக்கிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழு, ஆனால் பிரியத்தால் சொன்னதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. கேம் நிறுவனங்கள் நாள்தோறும் செய்வது இதைத்தான். பக்கைத் திருத்துவதற்குப் பதில் 'அது அப்படித்தான் இருக்கும்' என்று அறிக்கை விடுவார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும், நமக்கு ஒரே சொல்லில் முடிகிறது. ஒரே ஷாட்டை எந்தப் பந்துக்கு ஆடினாலும் பவுண்டரி போகும் ஓட்டையை ரசிகர்களே பிரியத்தோடு பாதுகாப்பதும் வழுவமைதியில்தான் சேரும்.

'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதித் தப்பிப்பவர்களும் உண்டு. ரயில் தாமதம், வங்கிச் செயலி முடக்கம், டிக்கெட் தளம் படுத்துவிட்டது என எல்லாவற்றுக்கும் அதே ஒட்டு மருந்து. ஓடிக்கொண்டிருந்தது நின்றால் கோளாறு, சர்வர் விழுந்தால் கோளாறு. விற்ற நாளிலேயே நிரலுக்குள் இருந்தது கோளாறு ஆகாது. 2013 நவம்பரில், பிரிஸ்பேனில் ஆஷஸ் முதல் டெஸ்ட் நடந்துகொண்டிருந்த வாரத்தில், ஆஷஸ் கிரிக்கெட் 2013 என்ற கேம் கணினிக்கு வெளியானது. ட்ரிக்ஸ்டார் கேம்ஸ் செய்தது, 505 கேம்ஸ் வெளியிட்டது. ஃபீல்டர்கள் பந்தை விட்டுவிட்டு ஓடும் காட்சிகள் வீடியோக்களாகப் பரவின. ஒரு வாரத்துக்குள் கேமை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள், பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள், கன்சோல் பதிப்புகள் வெளிவரவே இல்லை. இதைக் கோளாறு என்று எழுதினால் ஏதோ மின்சாரம் போய்விட்டு வந்ததுபோல ஆகிறது. வழு மலிந்த வெளியீடு என்று எழுதினால் பொறுப்பு எங்கே என்று தெரிகிறது.

வழுவுக்கு எதிராக நியாயமான ஒரு ஆட்சேபம் இருக்கிறது. ழகரம் வராதவர் வாயில் இது 'வலு' ஆகிவிடும். 'இந்த கேம்ல நிறைய வலு இருக்கு' என்றால் பாராட்டு. எழுத்தில் இந்தச் சிக்கல் இல்லை, பேச்சில் உண்டு. பேச்சில்தான் 'பக்' இருக்கிறதே, 'பக் அடிக்குது' என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அதைத் தமிழ் எழுத்தில் பார்க்கும்போது நெஞ்சு பக்கென்று ஆவதுதான் ஞாபகம் வருகிறது, நான்காயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு அதுவும் பொருத்தமே. கேம், சர்வர், ஃபீல்டர் எதையும் பெயர்க்க வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கேமை விளையாட்டு என்று மாற்றினால் மைதானத்தில் ஆடுவதா திரையில் ஆடுவதா என்ற குழப்பம்தான் மிஞ்சும். குழப்பத்தைக் குறைக்கும் இடத்தில் மட்டும் தமிழ்ச் சொல் வந்தால் போதும்.

எழுதும்போது பன்மை 'வழுக்கள்'. டீபக் செய்வது வழுநீக்கம், அதற்கான கருவி வழுநீக்கி. எரர் மெசேஜுக்குப் 'பிழைச் செய்தி' சரிதான், அங்கே பெரும்பாலும் நாம் எதையோ தவறாகக் கொடுத்திருப்போம். வழுக்களைத் திருத்த நிறுவனம் பின்னால் அனுப்பும் பேட்ச்சை 'இணைப்பு' என்று எழுதுவது அடுத்த தலைவலி. லிங்க்கும் இணைப்பு, மின்னஞ்சலோடு வருவதும் இணைப்பு, இணைய வசதியும் இணைப்பு, இதில் 'புதிய இணைப்பு வெளியானது' என்றால் யாருக்கு என்ன புரியும்? பஞ்சர் கடையில் டியூபுக்குப் போடுவது ஒட்டு. பேட்ச்சும் அதேதான். 'வழுக்களுக்கு ஒட்டு வந்தது' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

ஒட்டு வர வேண்டுமானால் வழு அறிக்கை ஒழுங்காகப் போக வேண்டும். 'கேம் முழுக்கப் பிழை' என்று எழுதி அனுப்பினால் அந்தப் பக்கம் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதலாம்:

பதிப்பு எண் இது, கன்சோல் இது. ஒருநாள் ஆட்டம், கணினிக்கு எதிராக. முதல் பந்து நோ பால். அடுத்த பந்துக்கு ஃப்ரீ ஹிட் சரியாக வந்தது. அந்த ஃப்ரீ ஹிட் பந்து வைடாகப் போனது. விதிப்படி அடுத்ததும் ஃப்ரீ ஹிட்டாக இருக்க வேண்டும், ஆனால் சாதாரணப் பந்தாக எண்ணி, கேட்ச் அவுட் கொடுத்தது. 10 தடவை செய்து பார்த்ததில் 10 தடவையும் இப்படியே. வைடுக்குப் பதில் நோ பால் வந்தால் இந்த வழு இல்லை. வீடியோவும் சேவ் ஃபைலும் உடன் உள்ளன.